மாவு எந்த மட்டத்தில் நிற்கிறது? சிஏ அட்டெம்ப்ட்டின் நேரக்கணக்கு

சிஏ படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் வருடத்துக்கு மூன்று முறை ஒரே பேச்சு எழும். "இந்த அட்டெம்ப்ட் எழுதிடலாமா, அடுத்ததுக்குத் தள்ளலாமா?" அப்பா எழுதச் சொல்வார், போனால் போகிறது, அனுபவம் கிடைக்கும் என்று. கூடப் படிக்கும் நண்பன், சிலபஸ் முடியாமல் எழுதுவது ஃபீஸுக்குத்தான் தண்டம் என்பான். பிள்ளையோ ஒருநாள் துணிச்சலில் ஒரு முடிவும், மறுநாள் பயத்தில் வேறொரு முடிவும் எடுக்கும்.

துணிச்சலும் பயமும் மனநிலையைக் காட்டும், தயாரிப்பைக் காட்டாது. இட்லிக்கு மாவு கரைத்து வைத்தவர், காலையில் தன் மனசு எப்படி இருக்கிறது என்று பார்த்தா தட்டில் ஊற்றுகிறார்? மூடியைத் திறக்கிறார், மட்டத்தைப் பார்க்கிறார், கரண்டியால் ஓரத்தில் லேசாகக் கிளறிக் குமிழைப் பார்க்கிறார். தேர்வை எப்போது எழுதுவது என்ற முடிவும் அப்படிப் பார்த்து எடுக்கக்கூடியதுதான். அதற்கு மாவு எப்படிப் பொங்குகிறது என்று முதலில் தெரிந்துகொள்வோம்.

அரிசியும் உளுந்தும் பொதுவாக நாலுக்கு ஒன்று. கரைத்து வைத்த மாவில், உளுந்தோடு இயல்பாகவே ஒட்டி வந்த நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. இட்லி மாவைப் பொங்க வைப்பதில் பெரும்பங்கு லூகோனாஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்கு என்று கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1965இல் எழுதினார்கள். அது அமிலத்தையும் வாயுவையும் உண்டாக்குகிறது. வாயு மட்டும் வந்தால் போதாது, அதைப் பிடித்து வைக்க ஒன்று வேண்டும். அந்த வேலையைச் செய்வது உளுந்தின் புரதமும் வழவழப்பும். அரிசி இட்லிக்கு உடம்பு கொடுக்கிறது, உளுந்து காற்றைத் தாங்குகிறது.

சீக்கிரம் ஊற்றினால் காற்று போதாமல் இட்லி கல்லாகும். ரொம்ப நேரம் விட்டால் குமிழ்கள் உடைந்து, ஏறிய மாவு இறங்கி, புளிப்பு மட்டும் மிஞ்சும். இடையில் ஒரு நல்ல நேரம் உண்டு. அந்த நேரம் கடிகாரத்தில் இல்லை. சென்னையில் மே மாத இரவில் ஆறு மணி நேரத்தில் வந்துவிடும், ஊட்டி டிசம்பரில் மறுநாள் மத்தியானம் ஆனாலும் வராது.

இதைச் சிஏ இன்டருக்கும் ஃபைனலுக்கும் வைத்துப் பார்க்கலாம். இப்போது இரண்டிலும் இரண்டு குரூப், குரூப்புக்கு மூன்று பேப்பர், ஆக ஆறு. படித்த பாடம், கேட்ட வகுப்பு, அடிக்கோடிட்ட ஸ்டடி மெட்டீரியல் எல்லாம் அரிசி. புத்தகத்தை மூடிவிட்டுத் தானாகப் போட்ட கணக்கும், பார்க்காமல் எழுதிய விடையும் உளுந்து. பெரும்பாலானவர்களுக்கு அரிசி குறைவதே இல்லை. வகுப்பு வீடியோவை இரட்டை வேகத்தில் ஓட்டி, மூன்று வண்ண ஹைலைட்டரில் புத்தகத்தை நனைத்து, பாத்திரம் கழுத்து வரை நிறைந்திருக்கும். நிறைந்த பாத்திரம் பொங்கிய பாத்திரம் போலவே தெரியும் என்பதுதான் சிக்கல்.

அந்த மயக்கத்தை 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரு உளவியலாளர்கள் அளந்து காட்டினார்கள். ஒரு குழு ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்ப நாலு முறை படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்த குழுதான் முன்னால் நின்றது: 83 சதவீதம், மற்றதற்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்த குழுவுக்கு 40தான் நினைவிருந்தது, எழுதிப் பார்த்த குழுவுக்கு 61. தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதலாக நம்பியதோ, படித்துக்கொண்டே இருந்த குழு. "எனக்கு எல்லாம் தெரிஞ்ச மாதிரிதான் இருக்கு, ஹாலில் உட்கார்ந்தா வரமாட்டேங்குது" என்று ரிசல்ட் நாளில் கேட்கும் புலம்பலுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் நான் பார்த்ததில்லை.

உளுந்து ஆட்டும்போது ஒரு துளி எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார்கள். மிதந்தால் பதம். மூழ்கினால் கிரைண்டர் இன்னும் ஓட வேண்டும். கை வைத்துப் பார்ப்பதை எல்லாம் விட நம்பகமான சோதனை, ஏனென்றால் தண்ணீருக்கு நம்மீது பாசம் கிடையாது.

சிஏவில் அந்தத் துளிச் சோதனைதான் மாக் டெஸ்ட். ஒவ்வொரு அட்டெம்ப்ட்டுக்கும் முன்பு தேர்வை நடத்தும் ஐசிஏஐயே இரண்டு வரிசை மாக் டெஸ்ட் நடத்துகிறது, கேள்வியும் விடையும் பிறகு அதன் தளத்தில் கிடைக்கின்றன. ஆனால் அதைச் செய்யும் விதத்தில்தான் பலர் தண்ணீருக்குப் பதில் மாவிலேயே துளியை விடுகிறார்கள். கேள்வித்தாளை எடுத்து வைத்து, "இது தெரியும், இதுவும் தெரியும்" என்று மனசுக்குள் டிக் அடிப்பது சோதனை ஆகாது. பெரும்பாலான பேப்பர்களுக்கு மூன்று மணி நேரம், மேஜையில் வேறு எதுவும் இல்லாமல், 30 மதிப்பெண்ணுக்கு விடை தேர்ந்தெடுக்கும் பகுதியும் 70 மதிப்பெண்ணுக்குக் கையால் எழுதும் பகுதியும் முழுசாக முடிக்க வேண்டும். திருத்துவது இன்னொருவராக இருக்க வேண்டும். நம் விடைத்தாளுக்கு நாமே போடும் மதிப்பெண்ணில் எப்படியும் ஐந்தாறு மார்க் கருணை ஒளிந்திருக்கும்.

இன்னொரு சோதனையும் உண்டு, சிஏ மாணவர்கள் தங்களுக்குள் "ஒன்றரை நாள்" என்று சொல்வது. ஒரு பேப்பர் எழுதிவிட்டு சாயங்காலம் வீடு திரும்பினால் அடுத்ததுக்கு இடையில் பல நேரம் ஒரு நாள்தான் விடுமுறை. அன்றைய இரவையும் சேர்த்தால் ஒன்றரை நாள். அதற்குள் அட்வான்ஸ்டு அக்கவுண்டிங் முழுவதையும் ஒருமுறை புரட்டி முடிக்க முடியுமா? உங்கள் நோட்ஸ் அந்த அளவுக்குச் சுருங்கியிருக்கிறதா? இதைத் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே ஒரு சனி, ஞாயிறில் செய்து பார்க்கலாம். பாதிப் பாடத்தில் ஞாயிறு முடிந்துவிட்டால், மாக் டெஸ்ட்டில் 55 வாங்கியிருந்தாலும் ஹாலில் 55 வராது.

சரி, துளி மிதக்கிறதா என்று கடைசி வாரத்தில் பார்த்து முடிவெடுக்கலாம் என்றால் அதற்கு வழியில்லை. தேர்வு ஃபார்ம் ஏறத்தாழ இரண்டு மாதம் முன்பே நிரப்ப வேண்டும். மே தேர்வுக்கு மார்ச்சில், செப்டம்பருக்கு ஜூலையில், ஜனவரிக்கு நவம்பரில். அதாவது மாவு பாதி பொங்கியிருக்கும்போதே காலையில் எத்தனை பேருக்கு இட்லி என்று சொல்லிவிட வேண்டும்.

இங்கேதான் நம்முடைய ஊகம் மோசமாகக் கவிழும். 1994இல் பியூலர், கிரிஃபின், ராஸ் மூவரும் பட்ட ஆய்வேட்டை முடிக்கும் தறுவாயிலிருந்த மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி விடை 34 நாள். ஆனது 55க்கும் மேல். எல்லாமே தப்பாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன கணக்கைவிடவும் அது அதிகம். "இன்னும் இரண்டு மாசம் இருக்கே, முடிச்சிடலாம்" என்ற வாக்கியத்தை இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஊகிக்காமல் எப்படி முன்கூட்டிச் சொல்வது? மாவின் வேகத்தைப் பார்ப்பவர்கள் பாத்திரத்தின் உள்பக்கம் மட்டம் எங்கே நின்றது என்று கவனித்து வைப்பார்கள். இரண்டு மணி நேரத்தில் ஒரு விரற்கடை ஏறியிருந்தால் மீதியைக் கணிக்கலாம். அதேபோல ஃபார்ம் தேதிக்கு ஐந்தாறு வாரம் முன்பு ஒரு முழு மாக், ஃபார்ம் தேதியை ஒட்டி இன்னொன்று. முதலில் 24, இரண்டாவதில் 36 என்றால் மாவு ஏறுகிறது. இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, ஃபார்ம் போடலாம். முதலில் 38, இரண்டாவதிலும் 38 என்றால் எண் பெரிதாக இருந்தாலும் எனக்குச் சந்தேகம்தான். ஏறாமல் நிற்கும் மாவுக்கு நேரம் கொடுத்துப் பயனில்லை. உளுந்து குறைவா, குளிரா என்று காரணத்தைத் தேட வேண்டும். இந்த எண்கள் என் கைக்கணக்கு, விதி அல்ல. ஆனால் நின்ற இடத்தைவிட ஏறிய வேகத்தைப் பாருங்கள் என்பதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இந்த உவமை ஓரிடத்தில் உடைகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாவு தானாகப் பொங்கும், நாம் தூங்கலாம். பாடம் அப்படியல்ல. தேர்வைத் தள்ளிப்போட்டுவிட்டு, இடையில் கிடைத்த நான்கு மாதமே தன் வேலையைச் செய்யும் என்று காத்திருப்பவரின் பாத்திரத்தில் எதுவும் ஏறாது. இடைவெளி விட்டு விட்டு நினைவிலிருந்து எடுத்து எழுதுவதுதான் அங்கே நுண்ணுயிர்.

அடுத்தது வெப்பநிலை, அதாவது படிப்போடு சேர்ந்து வரும் வேலைச் சுமை. இன்டர் எழுதுபவருக்கு இந்தத் தொல்லை குறைவு. இப்போதைய திட்டத்தில் இரண்டு குரூப்பும் தேறிய பிறகே ஆர்ட்டிக்கிள்ஷிப் என்ற அலுவலகப் பயிற்சி தொடங்குகிறது. ஃபைனல் முதல்முறை எழுதுபவருக்கும் இரண்டு வருட ஆர்ட்டிக்கிள்ஷிப்புக்குப் பிறகு ஆறு மாதப் படிப்புக் காலம் உண்டு. திண்டாடுவது, ஒருமுறை விட்டுவிட்டு, ஆடிட்டர் அலுவலகத்திலோ நிறுவனத்தின் கணக்குப் பிரிவிலோ வேலைக்குப் போய்க்கொண்டே ஃபைனல் எழுதுபவர். அவருக்கு மூன்று அட்டெம்ப்ட்டுக்கும் மூன்று குளிர். மே தேர்வுக்கு முன்பு ஏப்ரல் முதல் வாரங்களில் வங்கிக் கிளைத் தணிக்கை; வெளியூர் கிளை விழுந்தால் புத்தகம் பையிலேயே இருக்கும். செப்டம்பர் தேர்வு, அந்த மாதம் 30ஆம் தேதிக் கெடு வைத்திருக்கும் வரித் தணிக்கையின் நடுவில் வந்து உட்காருகிறது. கெடு நீட்டிப்பு வந்தாலும் பெரும்பாலும் தேர்வு முடிந்த பிறகுதான் வரும். ஜனவரிக்கு முன்னால் டிசம்பர் 31: ஜிஎஸ்டி ஆண்டு ரிட்டர்ன், பிந்திய வருமான வரி ரிட்டர்ன் எல்லாம் அன்றைக்கு. ஆக "வேலை குறைந்த அட்டெம்ப்ட்" என்று ஒன்றைத் தேடாதீர்கள். எந்த மாத வேலை உங்கள் இருக்கையில் விழுகிறது என்று பாருங்கள். வங்கித் தணிக்கையே எடுக்காத அலுவலகத்தில் இருப்பவருக்கு மே வெதுவெதுப்பான மாதம். ஜிஎஸ்டி பக்கமே போகாதவருக்கு ஜனவரி.

சட்டமும் ஒரு வெப்பநிலைதான். பொதுவாகத் தேர்வுக்கு ஏறத்தாழ ஆறு மாதம் முன்பு வரை வந்த திருத்தங்கள் கேள்வியில் இடம்பெறும். எந்த நிதிச் சட்டம், எந்தத் தேதி வரை என்பதை ஒவ்வொரு அட்டெம்ப்ட்டுக்கும் ஐசிஏஐ தனியாக அறிவிக்கிறது. சாதாரண வருடங்களில் ஒரு அட்டெம்ப்ட் தள்ளினால் சில அறிவிக்கைகளைக் கூடுதலாகப் படிப்பதோடு போய்விடும். 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் போய், 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வருவது அப்படிப்பட்ட மாற்றம் அல்ல. 536 பிரிவுகள், எல்லாவற்றுக்கும் புது எண். தலைமுறைகளாக மனப்பாடமான 80சி இனி 123. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைக் கணக்கு போய் "வரி ஆண்டு" என்று ஒன்றே. கணக்குப் போடும் முறை பெரிதும் அப்படியே இருந்தாலும், விடையில் பிரிவு எண் எழுதிப் பழகிய கைக்கு இது புது அரிசி. பழைய சட்டத்தில் வரி பேப்பரை நன்றாகத் தயார் செய்து வைத்திருப்பவர், தன் அட்டெம்ப்ட் மாற்றத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அறிவிப்பைப் பார்த்த பிறகே தள்ளுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இனி, ஒரு குரூப்பா இரண்டுமா என்ற பெரிய கேள்வி. எப்போது எழுதுவது என்பதோடு பிரிக்க முடியாமல் பின்னியது இது, ஏனென்றால் "இரண்டும் தயாராகும்வரை" என்று காத்திருப்பதே பாதித் தள்ளிவைப்புகளுக்குக் காரணம். தேற ஒவ்வொரு பேப்பரிலும் 40, குரூப் மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். ஆனால் இரண்டு குரூப்பையும் ஒரே முறையில் எழுதினால் இன்னொரு கதவு திறக்கிறது: எல்லாப் பேப்பரிலும் 40 இருந்து, ஆறும் சேர்ந்து 600க்கு 300 வந்தால் இரண்டுமே தேறியதாகக் கணக்கு. முதல் குரூப்பில் 52, 45, 44 வாங்கியவருக்கு மொத்தம் 141. தனியாக எழுதியிருந்தால் ஒன்பது மார்க்கில் போயிற்று. அதே நபர் இரண்டாவது குரூப்பையும் எழுதி 62, 55, 48 என்று 165 வாங்கியிருந்தால், 306. முழுத் தேர்ச்சி.

பெரிய இட்லிப் பானையில் எல்லாத் தட்டையும் ஒரே ஈட்டில் வைப்பதன் ஆதாயம் இது. ஆவி ஒன்றுதான், ஒரு தட்டு கொஞ்சம் மந்தமாக இருந்தாலும் மற்றது ஈடுகட்டும். ஆனால் மாவு ஒரு தட்டுக்குத்தான் இருக்கிறது என்றால் அதைத் தண்ணீர் விட்டு நீர்க்கவைத்து ஆறு தட்டில் ஊற்றுபவரை என்ன சொல்வது? 2024 மே ஃபைனலில் இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதியவர்களில் தேறியது 20 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. ஆறு பேப்பரிலும் 40ஐத் தாண்டும் வாய்ப்பு மாக்கில் தெரிந்தால் இரண்டும் எழுதுங்கள். ஏதாவது ஒரு பேப்பர் 25இல் நின்றால் இந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது, மொத்தம் எவ்வளவு வந்தாலும். அப்போது ஒரு குரூப்பை முழுமூச்சாக எழுதுவதே உத்தமம். இரண்டையும் தள்ளிப்போடுவது எனக்குக் கடைசி யோசனை.

குளிர்ப் பிரதேசத்தில் புது மாவோடு ஒரு கரண்டி பழைய புளித்த மாவைச் சேர்ப்பார்கள், சீக்கிரம் பொங்க. சிஏவில் அந்தக் கரண்டிக்குப் பெயர் எக்ஸெம்ப்ஷன். குரூப் போனாலும் ஒரு பேப்பரில் 60 வாங்கியிருந்தால், அடுத்த மூன்று தேர்வுகள்வரை அதை மறுபடி எழுத வேண்டாம். அந்த மதிப்பெண்ணும் மொத்தத்தில் சேரும். 64, 35, 42 வாங்கி 141இல் நின்றவரைப் பாருங்கள். அடுத்த முறை அவர் இரண்டு பேப்பர்தான் எழுதுவார், இரண்டிலும் சேர்த்து 86 போதும். 43, 43. முதல் தடவை மூன்று பேப்பருக்குப் பிரிந்த நேரம் இப்போது இரண்டுக்கு.

இந்தக் கரண்டி மாவுக்கும் ஆயுள் உண்டு, அது இப்போது குறைந்துவிட்டதைப் பலர் கவனிக்கவில்லை. வருடத்துக்கு இரண்டு தேர்வு இருந்தபோது "மூன்று அட்டெம்ப்ட்" என்றால் ஒன்றரை வருடம். இன்டருக்கு 2024இலிருந்தும் ஃபைனலுக்கு 2025இலிருந்தும் வருடத்துக்கு மூன்று தேர்வு வந்த பிறகு அதே மூன்று அட்டெம்ப்ட் ஒரே வருடத்தில் தீர்ந்துபோகிறது. தள்ளுவதன் விலை ஆறு மாதத்திலிருந்து நான்கு மாதமாக இறங்கியது என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. எதுவும் கையில் இல்லாதவருக்கு அது உண்மை. எக்ஸெம்ப்ஷன் வைத்திருப்பவருக்கோ, எழுதாமல் விட்ட ஒவ்வொரு அட்டெம்ப்ட்டும் மூன்றில் ஒன்று. அவர் மாவு முக்கால் பொங்கியிருந்தாலே ஊற்றிவிட வேண்டும் என்பேன். புதியவர் முழுதாகப் பொங்கக் காத்திருக்கலாம்.

ஆனால் எவ்வளவு நாள்? மாக்கில் தொடர்ந்து ஐம்பதுக்கு மேல் வாங்கிக்கொண்டு, "இன்னும் ஸ்ட்ராடெஜிக் மேனேஜ்மென்ட்ல ரெண்டு சாப்டர் இருக்கு" என்று தள்ளுபவர் ஒரு தனி ரகம். ரேங்க் வாங்கும் நோக்கம் இருந்தால் சரி. தேறினால் போதும் என்பவருக்கு அந்த இரண்டு அத்தியாயம் தரப்போகும் மார்க்கைவிட, நான்கு மாதத்தில் ஆடிட்டிங் ஸ்டாண்டர்டுகள் நினைவிலிருந்து நழுவுவது அதிகம். ஏறிய மாவு இறங்கும்போது சத்தம் போடாது. இரண்டு முறை தள்ளியவரின் மூன்றாவது தயாரிப்பில் பாதி நேரம், முன்பு தெரிந்திருந்ததை மறுபடி தெரிந்துகொள்வதிலேயே போகும். புளித்த மாவில் ஊத்தப்பமும் பணியாரமும் சுடலாம், வீணாகாது. இட்லி மட்டும் வராது.

இன்னொரு விதியை, ஃபார்ம் போடும் முன்பல்ல, முதல் பேப்பர் எழுதிவிட்டு வெளியே வரும்போது நினைவில் வைக்க வேண்டும். முதல் பேப்பர் சொதப்பிவிட்டது, இனி குரூப் தேறாது, மற்றதை எழுதி என்ன பயன் என்று வீட்டிலேயே இருந்துவிடுபவர்கள் ஒவ்வொரு முறையும் உண்டு. எக்ஸெம்ப்ஷன் கிடைக்க, குரூப்பின் எல்லாப் பேப்பரையும் எழுதியிருக்க வேண்டும். முதல் பேப்பரில் 30 வாங்கியவர் இரண்டாவதில் 66 எழுதியிருந்தாலும், மூன்றாவதுக்கு ஹாலுக்குப் போகவில்லை என்றால் அந்த 66 அடுத்த அட்டெம்ப்ட்டுக்கு வராது. மூன்றாவது பேப்பரில் இருபதே வந்தாலும் போய் எழுதியவருக்கு வரும்.